காளான் அறையில் கேட்ட இருமல்

என்னைக் கூப்பிட்டது காளானைப் பார்க்கத்தான். ஆளைப் பார்க்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

பச்சைப் பூஞ்சணம் எப்படி இருக்கும், காளான் வளரும் பை ஏன் புளித்து நாறும், மொட்டு ஏன் மஞ்சளாகிச் சுருங்கும் என்பதையெல்லாம் காளான் பயிற்றுநர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் படித்துவிட்டீர்கள். படங்களும் உங்கள் போனில் இருக்கின்றன. நான் இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவள். படித்ததையே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அந்தத் தோட்டத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து சிப்பிக் காளான் வளர்த்தார்கள். தலைவி சரோஜா. நாற்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. ஒரே மகளைக் கினிகத்தேனையில் கட்டிக் கொடுத்திருந்தார். பல வருடம் கொழுந்து பறித்தவர். ஒரு மழைக்காலத்தில் மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் கெட்டுப்போன பிறகு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. எங்கள் பயிற்சி நிலையத்துக்கு வந்து காளான் படித்துவிட்டுப் போய், தான் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துப் பெண்களைச் சேர்த்துக் குழுவை உண்டாக்கியது அவர்தான். தோட்டத்து நிர்வாகத்திடம் பேசிப் பழைய பிள்ளைக்காம்பராவையும் வாங்கினார். மலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. புதிது கட்டியதால் பழையது சும்மா கிடந்தது. கல் சுவர், சீமெந்துத் தரை, பெரிய ஜன்னல்கள். காளானுக்கு அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் கிடைக்காது.

குழுவின் செயலாளர் ரேவதி. சரோஜாவின் பக்கத்து வீட்டுப் பெண். ஹோட்டலுக்குப் போன் எடுப்பது, சிங்களத்தில் பேசுவது, வேன்காரரைப் பிடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒருநாள் காலை அவள்தான் எனக்கு எடுத்தாள்.

"மிஸ், காளான் ஒரு மாதிரியா வருது. தண்டு மட்டும் நீண்டுக்கிட்டே போகுது, குடை விரியவே மாட்டேங்குது. இப்படியே குடுத்தா ஹோட்டல்காரங்க எடுக்க மாட்டாங்க. ஒருக்கா வந்துட்டுப் போக முடியுங்களா?"

உங்களில் எவருக்கும் இதைக் கேட்டவுடனே விடை தெரிந்திருக்கும். தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டம் போதவில்லை. நானும் போனிலேயே சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் பையைப் பார்க்காமல் மருந்து சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. பஸ் பிடித்துப் போய் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே ஏறினேன்.

பிள்ளைக்காம்பராவின் ஜன்னல்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் கறுப்புப் பொலித்தீனை இழுத்துக் கட்டி, ஓரங்களில் பலகை அடித்திருந்தார்கள். கதவுக்கு உள்ளே இரண்டு மடிப்புச் சாக்குத் திரை.

"இது எப்போ செஞ்சது?" என்று கேட்டேன்.

சரோஜாதான் பதில் சொன்னார். "போன தடவை ஈ வந்து எல்லாத்தையும் தின்னுச்சே மிஸ். அதுக்கப்புறம்தான் அடைச்சோம். ஒரு ஈ நுழையக் கூடாதுன்னு."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. முந்தைய பயிரில் சின்னக் கறுப்பு ஈக்கள் பைக்குள் முட்டையிட்டு, புழு காளானாக வளர வேண்டிய வெள்ளை நூலையெல்லாம் அரித்துவிட்டது. அந்தப் பைகளைக் குழி தோண்டிப் புதைத்த அன்று குழுவில் யாரும் சாப்பிடவில்லை. அதன் பிறகு அடைத்தார்கள். ஈ வரவில்லை. மழைக்காலத்து ஊதல் காற்றும் உள்ளே வரவில்லை. அடைத்தது பலன் தந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு நோயைத் தடுக்கச் செய்த காரியம் வெற்றி பெற்றுவிட்டால், அது வேறு என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

உள்ளே போனேன். நாறவில்லை. பூமியும் மாவும் கலந்த ஒரு வாசம், அவ்வளவுதான். உள்பக்கத்துத் தட்டுகளில் காளான்கள் ஊதுகுழல் மாதிரி நீண்டு நின்றன. கதவுப் பக்கத்துத் தட்டுகளில் இருந்தவை நன்றாக விரிந்திருந்தன. விரிந்தது மட்டுமில்லை, முற்றி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. வேன் வரும் நாள்வரை பறிக்காமல் விட்டு வைக்கிறார்கள் என்று புரிந்தது. கீழே இருந்த பைகளின் தலையில், தட்டின் பலகையில், பொலித்தீன் மடிப்புகளில் எல்லாம் வெள்ளையாக ஒரு படலம். விரலால் தொட்டேன். கோதுமை மாவைவிட நைசாக இருந்தது. முற்றிய காளான் உதிர்க்கும் வித்தித் தூள் அது. ரேவதி எனக்கு வெளிச்சம் கிடைக்கட்டும் என்று சாக்குத் திரையை விலக்கினாள். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், அறை முழுக்கப் புகை போல அந்தத் தூள் மிதந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து என் முடிவைச் சொன்னேன். பொலித்தீனைக் கழற்றுங்கள், ஜன்னலுக்கு ஈ நுழையாத நெருக்கமான வலை அடியுங்கள், காலையிலும் மாலையிலும் காற்று ஓடட்டும், ஓரம் சுருளுமுன் பறித்துவிடுங்கள். ரேவதியின் முகம் தெளிந்தது.

"அவ்வளவுதானா மிஸ்? நாங்க விதை கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள். சரோஜாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வறண்ட இருமல், சளி இல்லை. நிற்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். தற்செயலாகத் தள்ளி நிற்கவில்லை. பழகிப்போன தள்ளி நிற்றல் அது.

தேத்தண்ணி குடிக்க லயத்துக்குப் போக வேண்டும். பிள்ளைக்காம்பராவிலிருந்து லயத்துக்குச் சில படிகள்தான். அந்தப் படிகளில் சரோஜா மூன்று தடவை நின்றார். மலையில் கூடை சுமந்தவர். முழங்கால் வலி என்றால் முகம் சுளிக்கும். இவர் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

ரேவதியைத் தனியாகக் கேட்டேன்.

"ஆஸ்துமான்னு சொல்லி டிஸ்பென்சரியில மாத்திரை குடுத்திருக்காங்க மிஸ்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "லயத்துல வேற மாதிரிப் பேசுறாங்க. டீபின்னு. பீலியில அக்கா தண்ணி புடிக்கப் போனா மத்தவங்க குடத்த எடுத்துக்கிட்டு விலகுறாங்க. நான் அதையெல்லாம் காதுல போட்டுக்கிறதில்ல."

சரோஜாவின் வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது அவர் பிடி கொடுக்கவில்லை.

"எனக்கு ஒன்னுமில்ல மிஸ். நீங்க காளானப் பாருங்க."

"காளானப் பாத்தாச்சு. காய்ச்சல் வருதா?"

"வரும், போகும்."

"எப்போ வரும்?"

யோசித்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்கவில்லை போல. காலையில் பறித்தால் சாயங்காலம் குளிர் எடுக்கும், உடம்பு முறித்துப் போடும், மூச்சு நெஞ்சுக்குள் இறங்காது, மறுநாள் கொஞ்சம் பரவாயில்லை என்றார். வேன் வரும் நாட்களில்தான் நிறையப் பறிப்பார்கள். அந்த நாட்களில்தான் அதிகம்.

"மகளுக்குப் பிள்ளை பெறந்தப்போ கினிகத்தேனையில போய் இருந்தேன் மிஸ். அங்க ஒரு இருமல்கூட இல்ல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் நடப்பேன். அந்த ஊரு சூட்டுக்கு நல்லா இருந்துச்சு. இங்க வந்து பறிச்ச அன்னைக்கே திரும்பப் புடிச்சுக்கிச்சு. இந்தக் குளிருதான் எனக்கு ஆகல."

இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க விரும்புகிறேன்.

காளானின் வித்தித் தூள் சிலருடைய நெஞ்சுக்கு ஆகாது என்று என் படிப்பில் ஒரு வரி இருந்தது. ஒரு வரிதான். அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. நான் வைத்தியரும் இல்லை. இது காளானால் வந்தது என்று நான் அடித்துச் சொல்லி, உண்மையில் டீபியாக இருந்தால், என் பேச்சை நம்பி இந்தப் பெண் மருந்து எடுக்காமல் விட்டுவிடுவார். பேசாமல் வந்து, உண்மையில் காளானாக இருந்தால், அடுத்த வேன் நாளில் இவரே உள்ளே போய்ப் பறிப்பார். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று தெரிந்தது. அவர் அந்த அறைக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது. டீபி என்றால் அடைத்த அறையில் கூட நிற்பவர்களுக்கு ஆபத்து. தூசி என்றால் அவருக்கு ஆபத்து. காரணம் முழுதாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டிய முடிவுகள் உண்டு. தெரிவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டியவையும் உண்டு.

சொன்னேன். ரேவதிதான் கொதித்தாள்.

"நாளைக்கு வேன் வருது மிஸ். அக்கா இல்லாம யாரு பறிக்கிறது? அவங்க கை மாதிரி எங்களுக்கு வராது. இந்த ஹோட்டல புடிக்க நான் எத்தன தடவ நடந்தேன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். நாளைக்கு யாருமே பறிக்க வேணாம். மொதல்ல பொலித்தீனக் கழட்டுங்க. ஒரு பகல் முழுக்கக் காத்து போகட்டும். முத்தினதத் தண்ணி தெளிச்சு நனைச்சு, மூக்கு வாயக் கட்டிக்கிட்டு எடுத்து வெளியில போடுங்க."

"வெளியில போடுறதா!" அவள் எழுந்தே விட்டாள். "காளான் நோய் குடுக்குதுன்னு நோர்வூட்டுல ஒரு ஆளுக்குக் காதுல விழுந்தா அதோட சரி மிஸ். யாரும் வாங்க மாட்டாங்க. நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. நாங்க திரும்பப் பெரட்டுக்குத்தான் போய் நிக்கணும்."

பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுத்து நிற்கிற இடம். அதிலிருந்து வெளியே வரத்தான் அவர்கள் இவ்வளவும் செய்தார்கள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அடைத்த அறையில் தூளைச் சுவாசிப்பதுதான் கெடுதி என்று விளக்கினேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"ரேவதி," என்றார் சரோஜா. "மிஸ் சொல்றபடி கழட்டுங்க."

அடுத்த நாள் காலை நான் சரோஜாவைக் கூட்டிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது என் வேலை இல்லை என்று நிலையத்தில் ஒருவர் சொன்னார். உங்களுக்கும் யாராவது சொல்வார்கள்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டீபியா இருந்தா மகள் வீட்டுக்குப் போக முடியாதுல்ல மிஸ்? பிள்ளை இருக்கு." மருந்து எடுத்தால் குணமாகும், பிறகு போகலாம் என்றேன். தலையை ஆட்டினார்.

வைத்தியர் சிங்களப் பெண். இளம் வயது. நெஞ்சில் குழாய் வைத்து நிதானமாகக் கேட்டார். சளி, எக்ஸ்-ரே என்று எழுதிக்கொண்டே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். சரோஜாவுக்கு அந்தளவு சிங்களம் தெரியும். நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"கொழுந்து பறிக்கிறது," என்றார் சரோஜா.

அவர் மலைக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. வைத்தியர் அதை எழுதப் பேனாவைத் தூக்கினார். நான் குறுக்கே விழுந்து சொல்லியிருக்கலாம். நோயாளியின் முன்னால் அவரைப் பொய்யராக்கி நான் சொல்வதை வைத்தியர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது ஒரு யோசனை. அதைவிட, இந்தப் பெண் தன் வாயால் சொல்லாவிட்டால் நாளைக்கு மருந்தையும் மறைப்பார், கிளினிக்கையும் தவிர்ப்பார் என்பது இன்னொன்று. வைத்தியரிடம் ஒரு நிமிடம் என்று கேட்டுக்கொண்டு தமிழில் மெதுவாகப் பேசினேன்.

"சரோஜா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"காளான்னு சொன்னா மூடச் சொல்லிருவாங்க."

"மூடச் சொல்ற அதிகாரம் இவங்களுக்கு இல்ல. இவங்க உங்க நெஞ்சத்தான் பாக்குறாங்க. என்ன வேலைன்னு தெரியாம பாத்தா இருட்டுல தடவுற மாதிரி. நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அது என் பேச்சு. நீங்க சொன்னாத்தான் அது உங்க உடம்பு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வைத்தியரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். பாதி சிங்களம், பாதி தமிழ். மரத்தூளை நனைப்பது, பையை அவிப்பது, விதை போடுவது, இருட்டில் வைப்பது, வெள்ளை ஓடிய பிறகு திறப்பது, தண்ணீர் தெளிப்பது. ஒன்றையும் விடவில்லை. ஜன்னலை அடைத்ததைச் சொன்னார். தலையிலும் புருவத்திலும் வெள்ளைத் தூளோடு வெளியே வருவதைச் சொன்னார். சாயங்காலக் குளிரையும் கினிகத்தேனையையும் சொன்னார். ஒரு வேலையைத் தெரிந்தவர் சொல்லும்போது வரும் பெருமை அந்தக் குரலில் இருந்தது. நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்திக்கொண்டார். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

சளியில் டீபி இல்லை என்று வந்தது. கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தூசியை எதிர்த்து எதிர்த்தே நுரையீரல் வீங்கிப் போயிருக்கிறது, ஒரு பகுதி தழும்பாகிவிட்டது என்றார்கள். வீக்கம் மருந்தில் வற்றும். தழும்பு மாறாது. காளான் அறைக்குள் அவர் இனிப் போகவே கூடாது. முகக்கவசம் போட்டாலும் கூடாது. மரத்தூள் நிரப்பும் இடத்திலும் நிற்கக் கூடாது. இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் என்று வைத்தியர் ஆரம்பித்து, சரோஜாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டீபி இல்லை என்றதும் அழுதார். மற்றதைக் கேட்டபோது அழவில்லை.

குழுவினரிடம் அதைச் சொன்னது அவரேதான். பிள்ளைக்காம்பராவுக்கு எதிரே, காற்று வரும் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். இருவர் அன்றே விலகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள். மற்றவர்களை நான் கிளினிக்குக்கு அனுப்பிப் பார்த்தேன், யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரே காற்றைச் சுவாசித்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கும் அதற்கு விடை தெரியாது.

ஹோட்டல்காரரிடம் ரேவதி என்ன சொன்னாள் என்றால், உள்ளதைச் சொன்னாள். அறையைச் சரி செய்கிறோம், இந்த ஒரு தடவை தர முடியாது, ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று. அவர் வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார், திரும்ப வரவில்லை. ஹட்டனில் வேறு கடைகளைப் பிடிக்க அவளுக்குக் காலம் எடுத்தது. வலை அடித்த ஜன்னல்கள் வழியே காற்று ஓடத் தொடங்கியதும் காளான் குட்டைத் தண்டும் அகலக் குடையுமாக வந்தது. ஓரம் சுருளுமுன் பறித்தார்கள். உள்ளே நுழையுமுன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள். மாதம் ஒருமுறை நான் போகும்போது, பையைக் கேட்பதற்கு முன்னால் இருமலைக் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். காளானுக்குக் காற்று கெட்டால் தண்டைக் காட்டிவிடும். மனிதர்கள் காட்ட மாட்டார்கள், மறைப்பார்கள். அதற்குக் காரணமும் வைத்திருப்பார்கள்.

சரோஜாவுக்கு அந்தத் தொழிலில் ஒரு வேலையும் மிச்சமில்லை. நான் யோசிக்காத வழி இல்லை. பொதி கட்டலாமா என்றால் பறித்த காளானும் தூள் உதிர்க்கும். விதை தயாரிக்கும் வேலை என்றால் அதற்கு அவர் எங்கள் நிலையத்துக்கு வர வேண்டும், அங்கேயும் காளான். மலைக்குப் போகக் காலும் இல்லை, இப்போது மூச்சும் இல்லை. கடைசியில் மகள் வந்து, "எங்ககூட வந்துருங்கம்மா" என்று கூப்பிட்டாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். அது உண்மையா, தாயின் மனம் நோகாமலிருக்கச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது.

அவர் புறப்பட்ட நாள் நான் நோர்வூட்டில் இருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் குழுப் பெண்கள் வந்து நின்றார்கள். எல்லாரும் குளித்து, ஈரத்தலையோடு வந்திருந்தார்கள். விலகிப்போன இருவரும் வந்திருந்தார்கள். பீலியில் குடத்தை எடுத்துக்கொண்டு விலகியவர்களில் ஒருத்திகூட வந்து, ஒரு பை நிறைய ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். சரோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டே சுற்றிலும் தேடினார்.

"ரேவதி எங்க?"

அன்றைக்கு ஹட்டன் கடைக்காரர் சொல்லாமல் காலையிலேயே வேன் அனுப்பிவிட்டார். அவள் பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் வர முடியும் என்று ஒருத்தி சொன்னாள். அப்போது வீதிக்கு அந்தப் பக்கம், கடை வாசலில் ரேவதி மூச்சிரைக்க வந்து நின்றாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. மேலேயிருந்து ஓடியே வந்திருக்கிறாள்.

"ஏய் புள்ள, இங்க வா!" சரோஜா கையை ஆட்டினார்.

ரேவதி தலையை அசைத்தாள். நடுவில் வாகனம் எதுவும் இல்லை. சரோஜா மறுபடி கூப்பிட்டார். அவள் தன் சட்டையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினாள். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"பறிச்ச உடுப்போட வந்திருக்கா மிஸ்," என்றார் சரோஜா என்னிடம். "கிட்ட வர மாட்டா."

ஹட்டன் பஸ் வந்தது. மகள் பைகளை ஏற்றினாள். சரோஜா வீதிப் பக்கத்து ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தார். ரேவதி கடையின் படியில் இன்னும் ஒரு அடி பின்னால் ஏறி நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அழுகிறாள் என்பது இங்கிருந்தே தெரிந்தது. சரோஜா ஜன்னல் வழியே கையை நீட்டியபடியே போனார்.

பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் ரேவதி வீதியைக் கடந்து எங்களிடம் வந்தாள்.